இழுப்பதும் நிறுத்துவதும்

வண்டியை இழுக்கும் வலிமையைப் பற்றி உலகம் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட அதனை நிறுத்தும் வலிமையைப் பற்றிப் பேசியதில்லை. டிராக்டர் வாங்கச் செல்லும் உழவர், 'எத்தனை குதிரைத் திறன்?' என்று கேட்கிறார். 'எத்தனை டன் இழுக்கும்?' என்று கேட்கிறார். 'எத்தனை டன்னை நிறுத்தும்?' என்று கேட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. தருமபுரி மாவட்டத்தில் வாழும் நாமோ அந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டியவர்கள். காரணம் இரண்டு. ஒன்று, பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள். மற்றொன்று, தொப்பூர்க் கணவாய்.

கன்னியாகுமரியிலிருந்து சீநகர் வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தருமபுரியைக் கடந்து சேலத்தை நோக்கி இறங்கும் இடமே தொப்பூர்க் கணவாய். முன்னாளில் இச்சாலைக்கு 7-ஆம் எண். வடநாட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தெற்கே செல்லும் சரக்கெல்லாம் இவ்வழியாகவே இறங்குகின்றது. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிமெண்டு ஏற்றிய லாரியொன்று இங்குக் கட்டுக்கடங்காமல் ஓடி, முன்னே நின்றிருந்த வண்டிகளின்மீது மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரி 24-ஆம் நாள் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதித் தீப்பற்றியதில் மீண்டும் நால்வர் உயிரிழந்தனர். செய்தித்தாளில் இரண்டாம் பக்கத்தில் ஒருநாள் இடம்பெற்று மறையும் சிறிய விபத்துகளுக்குக் கணக்கில்லை. 'பிரேக் பிடிக்கவில்லை' என்ற இரண்டு சொற்கள்தாம் பெரும்பாலும் அவற்றுக்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. நன்றாக இருந்த பிரேக்கு, மலையிறக்கத்தில் மட்டும் ஏன் பிடிக்காமற் போகிறது? இதனை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பிரேக்கு என்பது என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெளிவாக உணர வேண்டும். 'வேகத்தை அழிக்கிறது' என்று நீங்கள் விடை கூறுவீர்கள். ஆற்றலை அழிக்க முடியாது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட்டு அவ்வாறு கூறலாமா? பிரேக்கு ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவே. சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளையை டிரம் என்பர். அதன் உட்புறத்தில், லைனர் பதித்த இரண்டு ஷூக்கள் விரிந்து உராய்கின்றன. உராய்வினால் வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பத்தை டிரம் ஏற்றுக்கொண்டு மெல்ல மெல்லக் காற்றுக்கு விடுகிறது. ஏற்கும் விரைவு விடும் விரைவை மிஞ்சினால் வரும் கேடே நாம் காணப்போவது.

இனி ஒரு சிறு கணக்கு. தாளும் எழுதுகோலும் வைத்திருப்பவர்கள் என்னோடு சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். பாரத்தோடு 40 டன் எடையுள்ள ஒரு லாரி, சமதரையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதனை ஒருமுறை நிறுத்துவதற்குப் பிரேக்கு ஏற்க வேண்டிய ஆற்றல், பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. ஏறத்தாழ 55 இலட்சம் ஜூல். அதே லாரி, வேகம் கூடாமலும் குறையாமலும் 100 மீட்டர் உயரத்தை இறங்குவதாகக் கொள்வோம். எடையை உயரத்தால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 3 கோடியே 92 இலட்சம் ஜூல் வரும். அஃதாவது, 100 மீட்டர் இறக்கம் என்பது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இடைவிடாமல் ஏழுமுறை நிறுத்துவதற்குச் சமம். 30 டிகிரி வெப்பமுள்ள 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. கல்யாண வீட்டு அண்டா ஒன்றைச் சக்கரங்களுக்கு நடுவே வைத்துக் கொதிக்க விடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த இறக்கம் இருபதுக்கு ஒன்று என்ற சரிவுடையதாயின் சாலையின் நீளம் 2 கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் 4 நிமிடம் ஆகும். நொடிக்கு ஏறத்தாழ 163 ஆயிரம் ஜூல், அதாவது 200 குதிரைத் திறனுக்கும் மேற்பட்ட வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினாலோ, அதே வெப்பம் 2 நிமிடத்தில் பிறந்தாக வேண்டும். 400 குதிரைத் திறனுக்கு மேல். (சக்கரம் உருளுவதில் ஏற்படும் தடையும் காற்றின் தடையும் சிறிது துணைசெய்யும். கணக்கு எளிதாகும் பொருட்டு அவற்றை விட்டுவிட்டேன்.) மலையிறக்கத்தில் மெல்லச் செல்லுங்கள் என்று பலகையில் எழுதி வைத்திருப்பதன் உட்பொருள் இதுதான். மெல்ல இறங்குவதால் மொத்த வெப்பம் குறைவதில்லை. அவ்வெப்பம் காற்றில் கலைந்து போவதற்குக் காலம் கிடைக்கிறது.

காலம் கிடைக்காவிட்டால் என்ன நிகழும்? டிரம் சூடேறும்போது விரிகிறது. 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு டிரம் 200 டிகிரி சூடேறினால் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விரியும். 'ஒரு மில்லிமீட்டர்தானே!' என்று அலட்சியமாக எண்ண வேண்டாம். டிரம் விரிந்து விலகிய அந்த இடைவெளியை எட்டிப் பிடிக்க ஷூக்கள் கூடுதலாக நகர வேண்டும். ஷூவை நகர்த்துவது ஒரு நெம்புகோல். நெம்புகோலைத் தள்ளுவது காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு கோல். ஷூ சிறிது நகரக் கோல் பன்மடங்கு நகர வேண்டும். கோல் செல்லக்கூடிய தூரத்துக்கோ ஓர் எல்லை உண்டு. லைனர் தேய்ந்து, தேய்மானத்துக்கு ஏற்ப நெம்புகோலைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், குளிர்ந்த நிலையிலேயே கோல் தன் தூரத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டுவிடும். சமதரையில் அந்த வண்டி ஒழுங்காக நிற்கும். ஓட்டுநருக்கு ஐயமே எழாது. கணவாயில் டிரம் விரிந்ததும் கோல் எல்லையை எட்டி நின்றுவிடும். ஷூ டிரம்மை அழுத்தாது. மிதியை எத்தனை வலிமையோடு மிதித்தாலும் பயனில்லை. இதனோடு, அளவுகடந்த சூட்டில் லைனரின் உராயும் தன்மையும் குன்றுகிறது. காலையில் பட்டறையில் பிடித்த பிரேக்கு மாலையில் கணவாயில் பிடிக்காததன் மர்மம் இதுவே. தேய்மானத்துக்கு ஏற்ப இடைவெளியைச் சரிசெய்யும் உறுப்பினைப் பட்டறையில் 'ஸ்லாக் அட்ஜஸ்டர்' என்பார்கள். அதனைத் தானே சரிசெய்துகொள்ளும் வகையும் இப்போது உண்டு. ஆயினும் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு மனிதன் வண்டிக்கு அடியில் தலையை நீட்டித்தான் ஆகவேண்டும்.

இதுவரை ஒற்றை வண்டியைப் பற்றிப் பேசினோம். ஒன்றின் பின்னால் மற்றொன்றைக் கட்டி இழுக்கும்போது சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. மாட்டுவண்டியில் சென்ற பழக்கமுடைய பெரியோர் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மேட்டில் ஏறும்போது மாடு வண்டியை இழுக்கும். பள்ளத்தில் இறங்கும்போது வண்டி மாட்டைத் தள்ளும். நுகத்தடி கொம்பை நோக்கி முன்னே நகரும். மாடு கால்களை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து பாரத்தைத் தாங்கும். பாரவண்டிகளில் சக்கரத்தின்மேல் உராயும்படி ஒரு மரக்கட்டையைக் கயிற்றால் இறுக்குவது அதற்காகவே. இழுப்பவனிடமே நிறுத்தும் வேலையையும் ஒப்படைக்கலாகாது; இழுபடும் வண்டிக்கும் தனியாகப் பிரேக்கு வேண்டும் என்பதை நம் வண்டிக்காரர்கள் எந்தப் பொறியியல் நூலும் படியாமலே அறிந்திருந்தனர். மாட்டை விற்று டிராக்டர் வாங்கியபோது, என்ன காரணத்தாலோ இந்த அறிவையும் சேர்த்து விற்றுவிட்டோம்.

2 டன் எடையுள்ள டிராக்டர் தனியே செல்லும்போது குறிப்பிட்ட வேகத்திலிருந்து 10 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். அதன் பின்னால் கரும்போடு 8 டன் எடையுள்ள டிரெயிலரை மாட்டுங்கள். டிரெயிலருக்குப் பிரேக்கு இல்லை. நிறுத்தும் விசை அதே டிராக்டரின் சக்கரங்களில்தான் பிறக்க வேண்டும். நிறுத்தப்பட வேண்டிய பொருண்மையோ 10 டன், ஐந்து மடங்கு. எனவே நிற்கும் தூரமும் ஐந்து மடங்காகி 50 மீட்டராகும். டிரெயிலரின் பாரத்தில் ஒரு பங்கு கொக்கியின் வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தில் அழுத்துவதால் உண்மையில் தூரம் இதைவிடச் சற்றுக் குறையலாம்; ஆனால் குறுக்கே ஓடிவந்த குழந்தைக்கு அந்தச் 'சற்று' போதாது.

தூரம் நீள்வது ஒரு கேடு. அதனினும் பெரிய கேடு, டிரெயிலர் தள்ளும் திசை. நேரான சாலையில் அது டிராக்டரை நேராகத் தள்ளும். வளைவில் கொக்கி ஒரு கோணத்தில் நிற்பதால், டிராக்டரின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பின்சக்கரம் வழுக்கிவிட்டால் இரண்டு வண்டிகளும் பேனாக்கத்தி மடிவதுபோல் மடிந்துகொள்ளும். இறக்கமும் வளைவும் ஒன்றுசேரும் இடத்தில் இது நிகழ்கிறது. தொப்பூரில் இரட்டைப் பாலத்தருகே இறக்கமும் வளைவும் ஒன்றுசேர்ந்தே இருக்கின்றன. அங்கே இறங்கும் நீண்ட கன்டெய்னர் லாரிகளுக்கும் இந்த விதி பொருந்தும்.

டிராக்டருக்கே உரிய ஓர் அபாயத்தையும் இங்குச் சொல்லிவிடுகிறேன். உழவர் வீட்டுப் பிள்ளைகள் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டும். டிராக்டரில் பிரேக்கு மிதிகள் இரண்டு; இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று. உழும்போது வயலின் மூலையில் ஒரு சக்கரத்தை மட்டும் நிறுத்திச் சட்டென்று திரும்புவதற்காக அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். சாலைக்கு வரும்போது இரண்டு மிதிகளையும் ஒரு தாழ்ப்பாளால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் பாரத்தோடு சாலையில் விரைந்து செல்கையில் ஒரு மிதி மட்டும் அழுந்தினால், ஒரு சக்கரம் நிற்க, மற்றது ஓட, பின்னாலிருந்து டிரெயிலர் தள்ள, டிராக்டர் கவிழ்வதற்கு இரண்டு நொடிகூட வேண்டியதில்லை. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலை வாயிலில் வரிசையாக நிற்கும் டிராக்டர்களை நான் ஒருமுறை வேடிக்கையாக எண்ணிப் பார்த்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தவை இணைத்திருந்தவற்றைவிட அதிகமாக இருந்தன. எந்த ஊர் ஆலை என்று சொல்வதால் பயனில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான்.

அயல்நாடுகளில் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்திருக்கிறார்கள் என்று காண்போம். அமெரிக்கர் விடுமுறைக் காலத்தில், படுக்கையும் சமையலறையும் கொண்ட வீட்டையே சக்கரத்தில் ஏற்றி, பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி மலைகளுக்குச் செல்வர். அவ்வீட்டு வண்டியின் சக்கரங்களில் மின்சாரப் பிரேக்கு உண்டு. டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். மின்னோட்டம் பாயும்போது அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்ட முயன்று ஒரு நெம்புகோலை இழுக்கிறது. நெம்புகோல் ஷூக்களை விரிக்கிறது. மின்னோட்டத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஓட்டுநரின் கையருகே ஒரு திருகு உண்டு. டிரெயிலரை மட்டும் தனியே நிறுத்திப் பார்க்க ஒரு கைப்பிடியும் உண்டு.

இதனைச் சரிசெய்யும் முறை மிக அழகானது. முதலில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஷூ டிரம்மில் இறுகும்வரை திருகி, பிறகு இலேசாக உராய்ந்து சுழலும் அளவுக்குத் தளர்த்துகிறார்கள். பின்னர் முழுப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு, ஆளரவமற்ற சமதரைச் சாலையில் சிலமுறை நிறுத்திப் பிரேக்கைச் சிறிது சூடாக்கியபின், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் கைப்பிடியை மட்டும் அழுத்துகிறார்கள். பின்வண்டி முன்வண்டியைப் பிடித்து இழுப்பதாகத் தெரியாவிட்டால் மின்னோட்டத்தைக் கூட்டுவார்கள். சக்கரம் சுழலாமல் தேய்ந்து வழுக்கினால் குறைப்பார்கள். வழுக்கும் நிலைக்கு ஒரு படி கீழே நிறுத்துவதே சரியான அளவு. பாரம் மாறினாலும், மழையில் சாலை நனைந்தாலும் அவ்வளவு மாறும். மீண்டும் சோதிக்க வேண்டும். வெறும் வண்டியில் சோதித்த அளவு பாரவண்டிக்குப் போதாது. பாரவண்டியின் அளவோ வெறும் வண்டியின் சக்கரத்தைப் பூட்டிவிடும்.

ஐரோப்பாவில் மற்றொரு முறை பெருவழக்காக உள்ளது. அங்கே கொக்கியே பிரேக்கை இயக்குகிறது. முன்வண்டி வேகம் குறைந்ததும் பின்வண்டி அதனைத் தள்ளுமன்றோ? அந்தத் தள்ளுதலே கொக்கியிலுள்ள ஒரு தண்டினை உள்ளே அழுத்திப் பின்வண்டியின் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது. கேடு செய்யவந்த விசையையே காவலுக்கு நிறுத்திய இந்த உபாயத்தை நான் வகுப்பில் விளக்கும்போதெல்லாம் பின்வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தது உண்டு. இதற்கும் குறை இல்லாமலில்லை. நீண்ட இறக்கத்தில் பின்வண்டி ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால், அதன் பிரேக்கும் ஓயாமல் பிடித்துச் சூடேறும்.

லாரிகளில் உள்ள காற்றழுத்தப் பிரேக்கின் முன்னோர் இரயில் வண்டிக்கு உரியவர். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கர் 1869-இல் காற்றழுத்தத்தால் இரயிலை நிறுத்தும் பொறிக்கு உரிமை பெற்றார். அதில், காற்று வந்தால்தான் பிரேக்கு பிடிக்கும். குழாய் அறுந்தால் பிடிக்காது. சில ஆண்டுகளுக்குள் அவரே அதனைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக்கு விடுபட்டிருக்கும். காற்று குறைந்தால் தானே பிடித்துக்கொள்ளும். பெட்டிகள் கழன்று பிரிந்தால் குழாய் அறுந்து, பிரிந்த பெட்டிகள் தாமே நின்றுவிடும். கெட்டால் ஓடும்படி விடாமல், கெட்டால் நிற்கும்படி பொறியை அமைத்த இந்த மாற்றமே வெஸ்டிங்ஹவுஸின் பெருமை என்பது என் கருத்து. காற்றுப் பிரேக்குள்ள இன்றைய டிரெயிலர் லாரிகளிலும் இதே கொள்கைதான்.

அப்படியிருந்தும் ஓட்டுநர் தம் கையாலேயே அந்தக் காவலைக் கெடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விடுவது. சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவது. கியரில் இருக்கும்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால், எஞ்சின் ஒரு பெரிய தடையாக நின்று பிரேக்கின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். நியூட்ரலில் அத்துணை முற்றும் அறுந்து, நாம் முன்பு கணக்கிட்ட 3 கோடியே 92 இலட்சம் ஜூலும் டிரம்களின் தலையில் விழுகின்றது. எஞ்சினை அணைத்தாலோ, காற்றை அடைத்துத் தரும் பம்பும் நின்றுவிடும். தொட்டியில் இருக்கும் காற்று சில மிதிப்புகளுக்கே வரும். ஸ்டியரிங்கும் கல்லாகிக் கனக்கும். மிச்சமாகும் டீசல் எவ்வளவு? கியரில் இறங்கும் டீசல் எஞ்சினுக்கு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எரிபொருள் நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கென்று டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக எண்ணியவர் உண்மையில் செலவு செய்கிறார்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இருபது ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். கணக்கில் அவர் சுமார்தான். அவரிடம், 'தம்பி, தொப்பூரில் எப்படி இறங்குவாய்?' என்று கேட்டேன். 'எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்குவோம், ஐயா. இறக்கம் தொடங்குவதற்கு முன்னமே கியரைக் குறைத்துவிட வேண்டும். நடுவில் குறைக்கலாம் என்றால் விழாது' என்றார். மேலும், பிரேக்கை இலேசாக ஓயாமல் மிதித்துக்கொண்டே வரமாட்டாராம். வேகம் கூடும்போது சில நொடி அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டு, முழுவதும் விட்டுவிடுவாராம். அழுத்திவிடும் இடைவெளியில் டிரம் சிறிது ஆறும். கணவாய்க்கு முன் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிவந்து, டிரம்மைத் தொடாமல் புறங்கையை அருகே கொண்டுசென்று பார்ப்பாராம். எல்லாம் ஏறத்தாழ ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை. அதன் பங்கை மற்றவை சுமக்கின்றன. ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெப்பமானியும் வேண்டாம், வாய்பாடும் வேண்டாம். புறங்கை ஒன்று போதும்.

கரும்பு டிராக்டருக்கும் இதே சோதனை பொருந்தும். டிரெயிலருக்குப் பிரேக்கு இருந்து, அதன் குழாயோ கம்பியோ டிராக்டரோடு இணைத்திருக்கிறதா, மிதிகளின் தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா, கொக்கியின் ஊசிக்குப் பூட்டுமுள் போட்டிருக்கிறதா என்பதைக் கரும்பு ஏற்றும்முன் பார்த்துவிட வேண்டும். ஏற்றியபின் கரும்புச் சோகை எல்லாவற்றையும் மறைத்துவிடும். இறக்கத்தைக் கடந்து வந்தபின் டிரம்கள் கொதித்துக்கொண்டிருக்கும். அவற்றின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. சூடான இரும்பு சடுதியில் குளிர்ந்தால் விரிசல் விடும். சமதரையில், சக்கரத்துக்குக் கல்வைத்து, கைப்பிரேக்கைப் போடாமல் அரைமணி நேரம் நிறுத்திவைத்தால் போதும். விரிந்த டிரம் சுருங்கும்போது, இறுகப் பிடித்த ஷூ அதற்குள் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே கைப்பிரேக்கை விட்டுவிடச் சொல்கிறேன்.